மட்டையா மரமா: ஒரு பிளசர் வண்டியின் குத்தகை

சின்னமனூர் தாண்டி இரண்டு கல் தொலைவில் பஸ் நின்றுவிட்டது. ஸ்பிரிங் பிளேட் ஒடிந்துவிட்டது என்று கண்டக்டர் சொன்னார், ஏதோ நல்ல சேதி சொல்பவரைப் போல. அன்று சனிக்கிழமை. மணி பத்து. என் கைப்பையில் முதலாளியின் பணம் இருந்தது. அது பகல் மூன்று மணிக்குள் குமுளியில் இருந்தாக வேண்டும்.

ஏன் மூன்று மணி என்று மண்டி வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். மலைத் தோட்டங்களில் கூலி போடுவது சனிக்கிழமை மாலை. மறுநாள் சந்தை. சின்னத் தோட்டக்காரர் கையில் ரொக்கம் இருக்காது. மூன்று மணிக்குள் யார் பணத்தோடு வந்து நிற்கிறாரோ அவருக்குத்தான் அந்த வாரத்து ஏலக்காய். மூன்றரைக்கு வருகிறவருக்குச் சிரிப்பும் காலிச் சாக்கும் கிடைக்கும். நான் தேனி பஜாரில் தேவசகாயம் முதலாளியின் ஏலக்காய் மண்டியில் மலைக் கொள்முதல் பார்க்கும் குமாஸ்தா. ஊர் அல்லிநகரம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். தராசுப் பக்கம் நின்று நாள் முழுக்க எடை சொல்லிக்கொண்டிருந்த என்னை முதலாளி மலைக்கு அனுப்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திரும்பத் தராசுக்குப் போவதை நினைத்தாலே எனக்குக் கால் மரத்துப்போகும்.

பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடந்தால் பிளேட் ஒட்டிக்கொள்ளாது என்று தெரிந்தும் நடந்தேன். பிறகு தண்ணீர் குடிக்கலாமென்று ரோட்டோரத் தென்னந்தோப்புக்குள் இறங்கினேன்.

கிணற்றடியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஒருவரிடம் குத்தகை பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓலைக் கொட்டகை. உள்ளே காய்ந்த தென்னை மட்டைகள் குவிந்து கிடந்தன. குவியலுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய விளக்குக் கண்ணாடி என்னைப் பார்த்தது. இரண்டு மட்டையை நகர்த்தினேன். பித்தளை ரேடியேட்டர். இன்னும் நாலு மட்டையை நகர்த்தினேன். துணி டாப்பு வைத்த பிளசர் கார். பின் ஸீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"யாருப்பா அங்கன மட்டையக் கிண்டுறது?"

"தண்ணி குடிக்க வந்தேன்மா."

"தண்ணி கிணத்துல இருக்கு. கொட்டகையில கோழிதான் இருக்கு."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் குத்தகைக்காரர் பக்கம் திரும்பி, விட்ட இடத்தில் தொடர்ந்தார். "காய் உனக்கு, மரம் எனக்கு. ஆனிக்கு ஆனி. அம்புட்டுதான்."

அந்த நிமிஷத்தில்தான் யோசனை வந்தது. தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர் வண்டியை ஏன் விடக்கூடாது? பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள். நான் தண்ணீர் குடிக்காமலே ஓடினேன். அன்று குமுளி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. காய் போய்விட்டிருந்தது. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. தலைக்குள் அந்தக் கோழி உட்கார்ந்திருந்தது.

முதலாளியின் புது வண்டி

முதலாளிக்கும் கார் ஆசை இருந்தது. தோப்பு வண்டியைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் ஆசை வேறு.

"மதுரையில போயிப் பாத்துட்டு வந்துட்டேன். புது வண்டி, பச்சைக் கலரு. தவணையில குடுக்குறான்" என்றார்.

"எப்ப வரும் முதலாளி?"

"தீவாளிக்கு."

"ஆடி, ஆவணிக் காயை எதுல போயி எடுக்குறது?"

"அதுக்காக இரவல் வண்டியிலயா போறது? எஸ்டேட்காரன் மதிப்பானா?"

"அவுக மதிக்கிறது மூணு மணிய முதலாளி. வண்டிக் கலரை இல்ல."

மண்டியில் யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மைத்துனர் ஒருவர் மலைக் கொள்முதலைத் தன் கைக்குக் கொண்டுபோக வெகு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரும் அங்கே இருந்தார்.

"சரி முத்து" என்றார் முதலாளி. "ஒரு வருசம் பாரு. அடுத்த ஆனியில வண்டிய விலைக்கு வாங்குறதா, குத்தகையிலயே ஓட்டுறதான்னு நீதான் எனக்குச் சொல்லணும். நீ சொன்னது தப்புன்னு ஆச்சு, மலை யாவாரத்த மச்சான்கிட்டக் குடுத்துட்டுத் தராசுக்கு வந்துரு."

நான் உடனே சரி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றிருக்கலாம்.

நான் எழுதிய சீட்டு

தோப்புக்கார அம்மாளின் பெயர் வெள்ளையம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. நாலு தோப்பும் இரண்டு வெற்றிலைக் கொடிக்காலும் அவர் ஒருவர் பார்வையில் நடந்தன.

"அவுக ஆசைப்பட்டு வாங்குனாக. ரெண்டு வருசம் ஓட்டுனாக. போய்ச் சேந்துட்டாக" என்றார் வண்டியைப் பற்றி. "ஆறு வருசமா நிக்கிது. விக்க மனசு வரல. குத்தகைன்னா சரி. ஆனா ஆடியில நான் எந்தச் சீட்டும் எழுத மாட்டேன். ஆனிக்குள்ள முடிச்சிரு."

ஆனி முடிய ஐந்து நாள் இருந்தது. அவருக்கு அவசரம், எனக்கு அதைவிட அவசரம். கூடலூரிலிருந்து சுருளி என்ற டிரைவரைப் பிடித்தேன். மலை எஸ்டேட்டுகளில் ஒன்பது வருஷம் ஓட்டியவர். வளைவை 'வளவு' என்பார், பேச்சில் பாதி மலையாளம். அவர் நாலு நாள் கொட்டகையிலேயே கிடந்து டியூப் மாற்றி, பெட்ரோல் டாங்கைக் கழுவி, மேக்னெட்டோவைச் சுத்தம் செய்து, ஹேண்டில் அடித்தார். அறுபத்து மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது. கோழி குஞ்சுகளோடு வெளியேறியது.

கார் குத்தகைக்குச் சீட்டு எழுதுவது எப்படியென்று சின்னமனூரில் யாருக்கும் தெரியவில்லை. பத்திரம் எழுதுகிறவரிடம் போனால் இரண்டு நாள் ஆகும் என்றார். நான்தான் படித்தவனாயிற்றே. வெள்ளையம்மாளின் தகரப் பெட்டியிலிருந்து தோப்புக் குத்தகைச் சீட்டு ஒன்றை வாங்கி, அதைப் பார்த்தே எழுதினேன். தோப்புச் சீட்டில் ஏற்பாடு சுலபம். காய் குத்தகைக்காரருக்கு. தண்ணீர் பாய்ச்சுவதும் உரம் வைப்பதும் அவர் பொறுப்பு. காய்ந்து விழுகிற மட்டையும் அவர் பாடு. மரமே சாய்ந்தாலோ பட்டுப்போனாலோ நஷ்டம் உடையவருக்கு. ஆனால் தண்ணீர் பாய்ச்சாமல் பட்டால் குத்தகைக்காரருக்கு.

நான் 'தோப்பு' வந்த இடத்தில் 'மோட்டார் வண்டி' என்று போட்டேன். தண்ணீருக்குப் பதில் பெட்ரோல், உரத்துக்குப் பதில் எண்ணெய், மட்டைக்குப் பதில் டயர் முதலான தேய்மானச் சாமான், மரத்துக்குப் பதில் இஞ்சின். எழுத எழுத எனக்கே ஆச்சரியம், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. முதலாளியிடம் வாசித்துக் காட்டியபோது அவர்கூடத் தலையாட்டினார்.

தோப்புச் சீட்டின் கடைசியில் ஒரு வரி: 'விசேஷ நாட்களில் உடையவர் வீட்டுக்கு வழக்கப்படி இளநீர்க் குலை அனுப்பிவைக்க வேண்டியது.' காரில் இளநீர் ஏது? அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குச்சனூர்

ஆடி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் வெள்ளையம்மாளின் ஆள் மண்டிக்கு வந்தார். "அம்மா சொன்னாக. நாளைக்குக் காலையில வண்டி வேணுமாம். குச்சனூருக்கு."

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எப்படிக் கூட்டம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. நானும் சுருளியும் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு சின்னமனூருக்குப் போனோம்.

"அம்மா, சனிக்கிழமை நான் மலைக்குப் போற நாளு. அதுக்குத்தானே வண்டியே எடுத்தது."

"இருக்கட்டும். சீட்டுல என்ன இருக்கு?"

"குச்சனூர்னு ஒண்ணும் இல்லையே."

"நீ வாசிச்சத நான் மறக்கல. கடைசி வரிய மறுக்கா வாசி."

பெட்டியைத் திறந்து சீட்டைக் கொடுத்தார். என் எழுத்தை நானே வாசித்தேன். 'விசேஷ நாட்களில் உடையவர் வீட்டுக்கு வழக்கப்படி அனுப்பிவைக்க வேண்டியது.'

"எத அனுப்பணும்?" என்று கேட்டார்.

நான் சீட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"தோப்புன்னா குலை. வண்டின்னா வண்டிதானேப்பா. இல்ல, வண்டியில ஏதாவது காய்க்குதா?"

சுருளி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் வண்டி குச்சனூர்ப் புளியமரத்தடியில் நாள் முழுக்க நின்றது. நான் பஸ்ஸில் போனேன். குமுளியில் இறங்கும்போது மணி ஐந்து. குஞ்ஞப்பன் என்ற மலையாளத் தோட்டக்காரர் எங்களுக்கு நிரந்தரமாகக் காய் தருகிறவர். வண்டி எடுத்தாயிற்று, இனி மூன்று மணி தவறாது என்று போன வாரம்தான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் கடை வாசலில் நின்று வானத்தைக் காட்டினார்.

"எந்தா முத்து, சூரியன் கூட உன்னைவிடச் சுறுசுறுப்பு. அது மலைக்குப் பின்னால போயாச்சு. என் காயும் போயாச்சு."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

"கூலிக்காரன் முன்னால வந்து நிக்கும்போ உன் வாக்கை எடுத்துக் கையில கொடுக்கட்டா?"

திங்கட்கிழமை முதலாளி என்னை மெதுவாகத்தான் கூப்பிட்டார். அவர் மெதுவாகப் பேசினால் மண்டி முழுக்கக் கேட்கும்.

"ஏலே முத்து. நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு நடந்துதான் போறேன். என் குத்தகையில சனீஸ்வரன் பக்தருக பிளசர்ல போறாக. விலைக்கு வாங்கியிருந்தா இந்தக் கூத்து உண்டா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆடியில் இன்னும் நாலு சனிக்கிழமை பாக்கி.

வழி சொன்னவர் சுருளி. "அம்மாவக் காலையில குச்சனூர்ல சாமி கும்பிட வச்சு, அங்கன இருந்தே மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா? சாயங்காலம் கொண்டாந்து விட்டுரலாம். ஆனா வளவு வளவா இருக்கும், பயந்துருவாக."

கேட்டபோது வெள்ளையம்மாள், "வண்டி என்னுது. நான் ஏன் பயப்படணும்? ஓட்டுறவுகளும் கூட வாரவுகளும் பயப்படட்டும்" என்றார்.

அப்படியே நடந்தது. இரண்டாம் சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவரை ஏற்றி, குச்சனூரில் எள் விளக்குப் போட வைத்து, எள்ளுச்சோற்றுத் தூக்குவாளியோடு மலை ஏற்றினோம். குமுளியில் நான் காய் பார்க்கும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

"மேல மேல பாத்தா என்ன தெரியும்? அடிச்சாக்குல கை விடு."

விட்டேன். அடியில் காய் ஈரம். குஞ்ஞப்பன் தலையைச் சொறிந்தார். "இந்தச் சேச்சி யாரு?"

"வண்டிக்காரவுக" என்றேன்.

"வண்டி மட்டும் வந்திருந்தா நல்லாயிருக்கும்" என்றார் குஞ்ஞப்பன், சிரித்துக்கொண்டே. ஈரத்துக்கு விலையும் குறைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வீரபாண்டி ரோட்டில் மாட்டு லாட ஆணி ஏறி ஒரு டயர் வெடித்தது. முதலாளி என்னைப் பார்த்தார். "மட்டை, முதலாளி" என்றேன். நாங்களே வாங்கிப் போட்டோம். ஸ்பிரிங் பிளேட் ஒன்று ஒடிந்தது. "மட்டை." ஹாரனின் ரப்பர் பந்து கிழிந்தது. "பன்னாடை" என்றார் சுருளி. மண்டியில் எல்லாரும் இதே பாஷை பேசத் தொடங்கினார்கள். எடைக்கல் கீழே விழுந்தால்கூட, மட்டையா மரமா என்று கேட்டார்கள். முதலாளியின் மைத்துனர் மட்டும், "ஒரு நாளைக்கு மரமே விழும். அன்னைக்கு இருக்கு" என்பார்.

நாலாவது வளைவு

நாலாம் சனிக்கிழமை குச்சனூரில் கூட்டம் அதிகம். சாமி கும்பிட்டு வெளியே வர பதினொன்றரை ஆகிவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுருளி பானெட்டைத் தூக்கி எண்ணெய்க் கம்பியை உருவப் போனார்.

"எண்ணெய் ஒருவட்டம் பாத்துர்றேன்."

"வியாழக்கிழமைதானே ஊத்துனோம். ஏறுங்க."

"மலை ஏறணும்ல, ஒரு நிமிசம்."

"அண்ணே, ஏறுங்க. மணி ஆச்சு."

அவர் பானெட்டை மூடினார். வெள்ளையம்மாள் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

கூடலூர் தாண்டி மலையில் ஏறினோம். நாலாவது வளைவில் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். சுருளி காலை எடுத்தார். சத்தம் பெரிதாகி, நின்றது. எண்ணெய் கருகிய வாடை. அவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பேரிங் உருகிருச்சு. இனி நகராது" என்றார்.

வெள்ளையம்மாள் குடையை ஊன்றி இறங்கினார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். புருஷன் ஆசையாக வாங்கிய வண்டி. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"சுருளி, இது மட்டையா மரமா?"

"மரம்தாம்மா."

"மரம்னா எம் பொறுப்பு" என்றார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி பாய்ச்சுனிகளா?" என்று கேட்டார்.

எண்ணெயைத்தான் கேட்கிறார். சுருளி என்னைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஊற்றினோம் என்று சொன்னால் செலவு முழுக்க அம்மாளுக்கு. முதலாளிக்குக் குத்தகைதான் லாபம் என்று ஆகிவிடும். நான் மலையிலேயே இருக்கலாம். ஊற்றவில்லை என்றால் செலவு மண்டிக்கு, நான் தராசுக்கு. இதெல்லாம் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இப்போது சொல்ல முடியவில்லை. நான் வேகமாக யோசிக்கிறவன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அன்று அந்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

"அவுக பாக்கத்தான் போனாக. நான்தான் வேணாம்னு ஏறச் சொன்னேன்" என்றேன்.

சுருளி கம்பியை உருவிக் காட்டினார். நுனியில் ஈரம்கூட இல்லை. வியாழக்கிழமை ஊற்றியது எங்கேயோ ஒழுகித் தீர்ந்திருந்தது.

"அப்ப இது தண்ணி இல்லாமப் பட்ட மரம்" என்றார் வெள்ளையம்மாள். பிறகு என் கைப்பையைப் பார்த்தார். "மணி என்ன?"

"ஒண்ணு."

"மூணு மணி வரைக்கும் இங்கன நின்னு என் மூஞ்சியப் பாக்கப் போறியா? ஏறு மலைய. மிச்சத்தப் பெறகு பேசுவம்."

ஓடினேன். பாதி வழியில் ஒரு எஸ்டேட் லாரி ஏற்றிக்கொண்டது. குஞ்ஞப்பன் கடைக்குப் போனபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம் பாக்கி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் எதுவும் கேட்காமல் சாக்கை அவிழ்த்தார். நான் அடிச்சாக்கில் கை விட்டேன். காய்ந்திருந்தது.

மாலை திரும்பி வரும்போது அதே ரோட்டில் இரண்டு ஜோடி மாடுகள் காருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்க, கார் மெல்ல மெல்லச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. சுருளி ஸ்டியரிங்கில். பின் ஸீட்டில் வெள்ளையம்மாள், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஊர்வலம் போகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

தராசு

செவ்வாய்க்கிழமை வெள்ளையம்மாள் பஸ் ஏறித் தேனி மண்டிக்கே வந்தார். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"உங்க ஆளு உள்ளதச் சொல்லிட்டாக" என்றார். "சீட்டுப்படி செலவு முழுக்க உங்களுது."

"ஆமாம்மா" என்றார் முதலாளி. என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஆனா ஆறு வருசம் அது என் கொட்டகையில கெடந்துச்சு. ஒரு சொட்டு எண்ணெய் நானும் விட்டதில்ல. உள்ள என்ன காஞ்சு கெடந்துச்சோ. பாதி நான் தாரேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டுல அப்படி இல்லையேம்மா."

"சீட்டு இந்தத் தம்பி எழுதுனது. அதுல என்னதான் இருக்கு?"

மண்டியே சிரித்தது. என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

வண்டி மதுரை ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்ப மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் முதலாளி என்னைத் தராசில் நிறுத்தினார். மைத்துனர் பஸ்ஸில் மலைக்குப் போனார். நான் காலையிலிருந்து மாலைவரை எடை சொன்னேன். கடிகாரத்தில் மணி மூன்றைத் தாண்டும்போதெல்லாம் எடையைத் தப்பாகச் சொல்லிவிட்டு மறுபடி நிறுத்தேன். மைத்துனர் மூன்று சனிக்கிழமையில் இரண்டு தடவை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார், ஒரு தடவை அடிச்சாக்கு பார்க்காமல் வாங்கி வந்தார். வண்டி வந்த அன்று முதலாளி கைப்பையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

இந்த ஆனி

அதன் பிறகு வருஷம் முழுக்க இஞ்சின் தொந்தரவு தரவில்லை. மூன்று மணியும் தவறவில்லை. இப்போது ஆனி பிறந்துவிட்டது, பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. ஆனால் கேள்வியே மாறிவிட்டது. யுத்தத்தால் பெட்ரோலுக்குக் கூப்பன் வரப்போகிறது என்று பேச்சு. மாதத்துக்கு இத்தனை காலன் பெட்ரோல்தான் என்றால் வாரம் ஒருமுறை மலை ஏற முடியாது. வெள்ளையம்மாள் ஆள் அனுப்பினார்: வண்டி மறுபடி கொட்டகையில் கிடக்க வேண்டாம், விலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், குறைத்தே தருகிறேன்.

முதலாளிக்கு ஆசை. "மலிவா வருது. வாங்கிட்டா குச்சனூரும் இல்ல, மட்டையும் இல்ல, மரமும் இல்ல. எல்லாம் நம்மளுது. என்ன சொல்ற? நீதான் சொல்லணும்னு சொல்லியிருக்கேன்."

"எல்லாம் நம்மளுதுன்னா விழுற மரமும் நம்மளுது முதலாளி. பெட்ரோல் இல்லாத வண்டி மலிவா வந்தா என்ன? கோழிதான் அடைகாக்கும்."

"அப்ப விட்டுரலாம்ங்கிறியா?"

"இல்ல. வண்டி குத்தகையிலயே இருக்கட்டும். வேற ஒண்ண விலைக்கு வாங்குவோம்."

மதுரையில் சில பஸ்களில் பின்னால் ஒரு பெரிய டிரம் கட்டி, அதில் அடுப்புக் கரியை எரித்து, வருகிற வாயுவில் ஓட்டுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டி கிடந்தபோதே சுருளி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நானும் போய்ப் பார்த்தேன். கரி கிடைக்கிற ஊர் நம்முடையது. நான் சொன்னதை முதலாளி கடைசிவரை கேட்டார்.

"டிரம்மு மட்டையா மரமா?"

"அது நாம வச்ச கன்னு. போகும்போது வேரோட பிடுங்கிக்கிட்டுப் போயிரலாம்னு சீட்டுல எழுதிருவேன்."

"கரியில மலை ஏறுமா?"

"தெரியாது முதலாளி."

தெரியாது என்று நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

புதுச் சீட்டை எதையும் பார்த்து எழுதவில்லை. வெள்ளையம்மாள், சுருளி இருவரையும் எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினேன். இரண்டு பகல் ஆனது. ஆடிச் சனிக்கிழமைகளைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன்: குச்சனூர் முதலில், மலை பிறகு, உடையவர் விரும்பினால் கூட வருவார். வெள்ளையம்மாள், "விரும்பினாலா? வருவேன்னு எழுது" என்றார். எழுதினேன். மண்டி வேலைக்கு வரும் தம்பிகள் வாங்குவதா குத்தகையா என்று என்னைக் கேட்டால், ஒன்றுதான் சொல்வேன். அந்தப் பொருள் எதனால் சாகும் என்று முதலில் விசாரியுங்கள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். மற்றது பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

டிரம் நேற்று ரயிலில் வந்து இறங்கியது. சுருளி பின்பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார். வருகிற புதன்கிழமை, பணமும் காயும் இல்லாத நாளில், இரண்டு சாக்குக் கரியோடு வெறும் வண்டியை மலை ஏற்றிப் பார்க்கப்போகிறோம். நாலாவது வளைவைத் தாண்டினால் மீதியும் ஏறும் என்கிறார் சுருளி. தாண்டாவிட்டால் கீழே இழுத்துப் பிடிக்கக் கூடலூரில் இரண்டு ஜோடி மாடு சொல்லி வைத்திருக்கிறேன். தன் மரம் புகைவிட்டுக்கொண்டு மலை ஏறுவதைப் பார்க்க வெள்ளையம்மாளும் வருகிறார்.

எண்ணெய்க் கம்பியை நான் உருவிப் பார்ப்பேன்.